மலை ரோட்டுக்கு எந்த லைட்? ஜீப்பில் மூன்று முறை மாற்றிய அனுபவம்

எனக்கு வேலை பொள்ளாச்சியில். அப்பா அம்மா வால்பாறையில். சனிக்கிழமை மாலை வேலை முடித்துக் கிளம்பினால் ஆழியாறு வருவதற்குள் இருட்டிவிடும். அங்கிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் பகலில் வரையாடு நிற்கும். இரவில் சுவரோரம் என்ன நிற்கிறது என்பது நம் லைட்டைப் பொறுத்தது. வளைவுகள் எல்லாம் முடிந்து, மெயின் ரோட்டை விட்டுப் பிரிந்தால், தேயிலைக்கு நடுவே 6 கிலோமீட்டர் எஸ்டேட் மண் பாதை. அந்தப் பாதைக்காகத்தான் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்று வாங்கினேன். வண்டி எந்தச் சேற்றிலும் ஏறும். ஹெட்லைட்தான் போதவில்லை என்று தோன்றியது.

தோன்றியது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் செய்தது, வண்டிக்கூரையின் முன் விளிம்பில் நீளமான எல்.இ.டி பார் ஒன்றை மாட்டியது. பெட்டியில் 300 வாட் என்று போட்டிருந்தது. பார்க்கவும் கம்பீரமாக இருந்தது. ஆழியாறு வரைக்கும் புளியமரச் சாலையில் அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பூரித்துப்போனேன். மரத்தின் உச்சிக் கிளை வரை தெரிந்தது.

கவர்கல் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே பனிமூட்டம் எப்போது வேண்டுமானாலும் இறங்கும். அன்றும் இறங்கியது. பாரைப் போட்ட அடுத்த நொடி, கண்ணாடிக்கு முன்னால் வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் ஆகிவிட்டது. ரோடு இல்லை, ஓரக்கல் இல்லை, என் பானெட் மட்டும் பளபளவென்று தெரிகிறது. அணைத்துவிட்டு வெறும் டிம்மில் பார்த்தால், 15 மீட்டராவது தெரிந்தது. எத்தனையோ மடங்கு கூடுதல் வெளிச்சம், அதைப் போட்டால் பார்வை குறைகிறது. அப்போது எனக்குக் குழப்பமாக இருந்தது.

விஷயம் எளிதுதான். பனி என்பது காற்றில் மிதக்கும் நீர்த்துளி. ஒளி அதில் பட்டு எல்லாப் பக்கமும் சிதறும். சிதறியதில் ஒரு பங்கு நம் கண்ணுக்கே திரும்பும். விளக்கு நம் கண்ணுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அவ்வளவுக்கு நம் பார்வைக் கோட்டில் இருக்கும் பனி முழுவதும் ஒளிரும். கூரை பார் கண்ணுக்கு ஒரு முழம் மேலேதான் இருக்கிறது. பம்பரில் இருக்கும் விளக்கோ தரையிலிருந்து அரை மீட்டர் உயரம். நம் கண் ஒன்றரை மீட்டர் உயரம். பம்பர் விளக்கின் ஒளி ரோட்டை ஒட்டி, நம் பார்வைக் கோட்டுக்குக் கீழேயே போகிறது. நாம் மேலிருந்து அதைப் பார்க்கிறோம். பனிக்கென்று இருக்கும் ஃபாக் லைட்டைக் கீழே வைப்பது இதற்காகத்தான்.

அதே மாதத்தில் இன்னொரு இரவு. பனி இல்லை. ஒரு வளைவில் மேலிருந்து அரசுப் பேருந்து இறங்கி வந்தது. நான் பாரை அணைக்கச் சற்றுத் தாமதித்துவிட்டேன். பேருந்து நின்றேவிட்டது. பக்கத்தில் போனதும் ஓட்டுநர் ஜன்னல் வழியாகக் குனிந்து சொன்னார்: “தம்பி, உங்களுக்கு ரோடு தெரியுதுங்க, சரி. எனக்கு என்ன தெரியும்னு நெனச்சீங்களா? வெள்ளையா இருக்கு, அவ்வளவுதான். எம்பட பக்கம் பள்ளமுங்க. உள்ள நாப்பது பேரு இருக்காங்க.”

அவர் கோபமாகப் பேசவில்லை. அதனாலேயே அந்தக் குரல் இன்றும் காதில் இருக்கிறது. மறுநாள் காலை பாரைக் கழற்றினேன்.

கழற்றியதை மேசையில் வைத்து, பேட்டரியில் இணைத்து, கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்த்தேன். 300 வாட் என்றால் 12 வோல்ட்டில் 25 ஆம்பியர் இழுக்க வேண்டும். மீட்டர் காட்டியது 5. அதாவது 60 வாட். பெட்டி மேல் எழுதியிருப்பதை நம்பி லைட் வாங்கக் கூடாது என்று அன்று தெரிந்தது. மொத்த வெளிச்சத்தைச் சொல்லும் லூமன் எண்ணும் அப்படித்தான். உள்ளே இருக்கும் சிப்புகளின் எண்ணைக் கூட்டி அச்சடித்துவிடுகிறார்கள். லென்ஸையும் சூட்டையும் தாண்டி வெளியே வருவது அதைவிடக் குறைவு. உண்மையில் பார்க்க வேண்டியது, வெளிச்சம் எந்த வடிவத்தில், எங்கே போய் விழுகிறது என்பதைத்தான். நல்ல தயாரிப்பாளர்கள் அதை ஒரு படமாகவே தருவார்கள்: இத்தனை மீட்டரில் 1 லக்ஸ், இவ்வளவு அகலம் என்று. லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு. 1 லக்ஸ் என்பது முழு நிலா வெளிச்சத்தைப்போல் சில மடங்கு, அவ்வளவுதான். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும். 400 மீட்டரில் 1 லக்ஸ் தரும் விளக்கு 200 மீட்டரில் 4, நூறு மீட்டரில் 16 லக்ஸ் தரும். இந்தக் கணக்கு தெரிந்தால் கடையில் யாரும் நம்மைக் குழப்ப முடியாது.

இரண்டாவது முயற்சியில் இன்னொரு தவறு செய்தேன். தூரத்துக்கு அடிக்கும் ஸ்பாட் விளக்குகள் இரண்டு, 55 வாட் ஹாலஜன், பம்பருக்கு மேல். வேலையை நானே செய்தேன். ஹெட்லைட் பிரைட்டுக்குப் போகும் வயரிலேயே ஒட்டுப் போட்டு, இன்சுலேஷன் டேப் சுற்றி முடித்தேன். ஹெட்லைட்டைப் போட்டால் அதுவும் எரிகிறது, இனி வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம், இருபது வளைவுகள் தாண்டியிருப்பேன். முதலில் ஒரு வாசம் வந்தது. பிளாஸ்டிக் ஸ்கேலை அடுப்பில் காட்டினால் வருமே, அந்த வாசம். வெளியே யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வளைவுக்குள் நுழையும்போது மொத்த லைட்டும் அணைந்தது. ஸ்பாட், ஹெட்லைட், எதுவும் இல்லை. அந்த இருட்டில் வளைவு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது நினைவிலிருந்துதான் தெரிந்தது. நின்றுவிட்டேன். கை நடுங்கியது. நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, மொபைல் டார்ச்சில் பானெட்டைத் திறந்தால், வயர் மேல் உறை உருகி, பக்கத்து வயரோடு ஒட்டியிருந்தது. ஃப்யூஸ் போயிருந்தது. அந்த ஃப்யூஸாவது போனதால்தான் வண்டி எரியவில்லை.

மறுநாள் பொள்ளாச்சியில் வயரிங் பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். அவர் கருகிய வயரை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, “லைட்டை விடுங்க. மொதல்ல இருக்கற ஹெட்லைட்டுக்கு எவ்வளவு வோல்ட் வருதுன்னு பாத்தீங்களா?” என்றார். பார்த்ததே இல்லை. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட். பல்பின் முனையில் 11.9. இடையில் கிட்டத்தட்ட 2 வோல்ட், பழைய சுவிட்சிலும் மெலிந்த வயரிலும் துருப்பிடித்த எர்த்திலும் (வயர் வண்டியின் உடம்போடு சேரும் இடம்) போய்க்கொண்டிருந்தது. ஹாலஜன் பல்புக்கு வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும். அவர் ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்து (சிறிய கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது), எர்த் இடத்தைச் சுரண்டிப் புதிதாக முடுக்கினார். பல்பில் 13.4 வந்தது. வெளிச்சம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மங்கிப்போயிருந்த கண்ணாடியையும் உள்பக்க ரிஃப்ளெக்டரையும் மாற்றினோம். போட்டிருந்த எச்-4 பல்ப் அதே 60/55 வாட் தான், மாற்றவில்லை. அன்றிரவு மலை ஏறும்போது, இத்தனை நாள் லைட் போதாமல் இல்லை, லைட்டுக்குச் சாப்பாடு போய்ச் சேராமல் இருந்தது என்று புரிந்தது. அதனால்தான் ஆரம்பத்தில் ‘தோன்றியது’ என்று எழுதினேன். யாராவது கூடுதல் லைட் வாங்கலாமா என்று என்னிடம் கேட்டால், முதலில் இதைச் செய்யச் சொல்கிறேன். செலவும் மிகக் குறைவு.

அதற்குப் பிறகும் இரண்டு குறைகள் மிஞ்சின: பனி, எஸ்டேட் பாதை. ஸ்பாட் விளக்கு இரண்டுக்குமே உதவவில்லை. கொண்டை ஊசி வளைவில் வண்டியின் மூக்கு எங்கே பார்க்கிறதோ அங்கேதான் ஸ்பாட் அடிக்கும். வண்டி பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். வெளிச்சம் பள்ளத்தாக்குக்கு மேல் வெறும் காற்றில் ஒரு கம்பிபோல் நீண்டுகொண்டிருக்கும். நாம் திரும்பப்போகும் ரோடு பக்கத்தில் இருட்டாகக் கிடக்கும்.

ஒரு தாளில் கணக்குப் போட்டேன். சமவெளியில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர், ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி என்று வைத்தால், நிற்க 75 மீட்டர் வேண்டும். ஈர ரோட்டில் அதற்கும் மேல். டிம் வெளிச்சம் அந்தத் தூரத்துக்குப் பத்தாது. அவருக்குத் தூரம் அடிக்கும் விளக்கு தேவைதான். நான் மலையில் போவது 30 கிலோமீட்டர் வேகம். நிற்க 18 மீட்டர் போதும். ஆக எனக்கு 500 மீட்டர் நீளம் வேண்டாம், 25 மீட்டருக்குள் இடதும் வலதும் அகலமாகத் தெரிய வேண்டும். வளைவின் உள்பக்கம், ஓடை விளிம்பு, தேயிலைச் செடிக்குப் பின்னால் நிற்கும் காட்டுமாடு. லைட் வாங்குகிறவர்கள் தங்கள் ரோட்டையும் வேகத்தையும் வைத்து இப்படி ஒரு கணக்குப் போட்டுவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

அதனால் மூன்றாவது முறை, பம்பரில் ஏற்கெனவே விட்டிருந்த ஓட்டைகளில் 55 வாட் ஃபாக் லைட் ஒரு ஜோடி. மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் முடிந்து, கீழே அகலமாக விரியும் வெளிச்சம். எஸ்டேட் பாதைக்கென்று அகலப் பரப்பும் சின்ன எல்.இ.டி டிரைவிங் லைட் ஒரு ஜோடி. தண்ணீர் புகாத ஐ.பி. 67 தரம் பார்த்து வாங்கினேன். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்க வேண்டும் என்பது அதன் பொருள். எஸ்டேட் பாதையில் ஓடை கடக்கிறவனுக்கு இது அவசியம்.

மஞ்சளா வெள்ளையா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மஞ்சள் ஒளி பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்பது சரியில்லை. பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். ஆனால் நீலம் கலந்த 6000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளையைவிட மஞ்சளில் கண் கூசுவது எனக்குக் குறைவு, ஈரமான தாரில் பள்ளமும் நன்றாகத் தெரிகிறது. நான் மஞ்சள் வைத்திருக்கிறேன். வெள்ளை வைத்தால் தவறில்லை. விளக்கின் உயரமும் வெளிச்சத்தின் வடிவமும்தான் முக்கியம்.

இனி வயரிங். இந்த முறை அண்ணன் பக்கத்தில் நிற்க, நான் செய்தேன். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ். ஃப்யூஸ் காப்பது லைட்டை இல்லை, வயரை. அதனால் வயர் தொடங்கும் இடத்திலேயே அது இருக்க வேண்டும். இரண்டு 55 வாட் விளக்குக்கு 9 ஆம்பியர் சொச்சம் ஓடும். 15 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டோம். அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண் போட்ட காலுக்கு. 87இலிருந்து விளக்குகளுக்கு. 85 எர்த். 86க்கு டாஷ்போர்டு சுவிட்சிலிருந்து மெல்லிய வயர் ஒன்று வந்தால் போதும், ஏனென்றால் அதில் ஓடுவது ரிலேயைத் தட்டி எழுப்பும் சிறிய கரண்ட் மட்டும்தான். டிரைவிங் லைட்டுக்குத் தனி ரிலே, தனி ஃப்யூஸ். அதன் சுவிட்சுக்கு வரும் கரண்டை ஹெட்லைட் பிரைட் வயரிலிருந்து எடுத்தோம். டிம் அடித்த கணமே அதுவும் சேர்ந்து அணைந்துவிடும். பேருந்து ஓட்டுநர் சொன்னதை மனதில் வைத்துத்தான் இந்த ஒரு இணைப்பைப் பிடிவாதமாகச் செய்யச் சொன்னேன். தனித்தனியாக அணைக்க வேண்டும் என்றால், தேவைப்படும் நேரத்தில் கை தாமதிக்கும்.

வயர் 2.5 சதுர மில்லிமீட்டர், பல இழை உள்ள வண்டி வயர். வீட்டு வயரிங்கின் ஒற்றைக் கம்பி வண்டி அதிர்வில் முறிந்துவிடும். முன்பு நான் போட்டிருந்தது முக்கால் சதுர மில்லிமீட்டர். போகவர 6 மீட்டர் நீளத்தில், 9 ஆம்பியர் ஓடினால், அந்த வயரிலேயே 1.3 வோல்ட் போய்விடும். அதனாலேயே வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைந்திருக்கிறது. எர்த்துக்குப் பெயின்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு முடுக்கி, மேலே வாஸ்லின் தடவினோம். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றாமல், உலோக முனைக்குள் வைத்து நசுக்கி (க்ரிம்ப்), சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டோம். தகட்டு ஓட்டை வழியே வயர் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போட மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் தகட்டு விளிம்பு ஒரு மழைக்காலத்துக்குள் வயரை அறுத்துவிடும்.

பிராக்கெட்டில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. ஸ்பாட் விளக்குக்கு மெல்லிய பட்டையை நீளமாக வளைத்து மாட்டியிருந்தேன். மண் பாதையில் வெளிச்சம் துள்ளித் துள்ளி ஆடும். பத்து நிமிடத்தில் தலை வலிக்கும். இரண்டாம் மாதம் வளைத்த மூலையில் முடி போல ஒரு விரிசல் கண்டது. இப்போது இருப்பது 5 மில்லிமீட்டர் தகடு, எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டை, 8 மில்லிமீட்டர் போல்ட், நைலான் லாக் நட்டு. முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பேனரை எடுத்து எல்லாவற்றையும் ஒருமுறை முடுக்கினேன். இரண்டு நட்டு கால் சுற்று வாங்கியது. ரேடியேட்டருக்கு நேர் முன்னால் எதையும் வைக்கவில்லை. இரண்டாவது கியரில் மெதுவாக மலை ஏறும் வண்டிக்குக் காற்று ஏற்கெனவே குறைவு.

திசை பிடிப்பதை அவசரமாகச் செய்யாதீர்கள். லைட் வாங்கிய பணத்தில் பாதி அதில்தான் பலன் தரும். ஒரு கல்யாண மண்டபத்தின் காம்பவுண்டுச் சுவர், முன்னால் சமமான சிமென்ட் தரை. டயரில் சரியான காற்று, டீசல் பாதி டேங்க், பின்னால் வழக்கமாக ஏற்றும் அரிசி மூட்டை. பின்னால் கனம் ஏறினால் மூக்கு தூக்கும், வெளிச்சமும் தூக்கும். அதனால் காலி வண்டியில் பிடித்த திசை பயன்படாது. சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, ஃபாக் லைட்டின் மைய உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன். அதற்கு 20 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. வெளிச்சத்தின் மேல்விளிம்பு இரண்டாவது கோட்டில் உட்காரும்வரை சாய்த்தேன். விளக்கு அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது, 10 மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் இறங்குகிறது என்றால், 25 மீட்டரில் தரையைத் தொடும். எனக்கு வேண்டியது அந்த 25 மீட்டர்தான். டிரைவிங் லைட்டின் பிரகாசமான நடுப்புள்ளியை அதன் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்து, இடதை இடது பக்கமும் வலதை வலது பக்கமும் துளி விரித்தேன். வண்டிக்கு நேர் முன்னால் ஐந்து மீட்டரில் பளீரென்று விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அருகில் அதிகம் வெளிச்சமிருந்தால் கண் அதற்குப் பழகிச் சுருங்கிவிடும். தூரத்தில் இருப்பது இருட்டிப்போகும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் முதலில் பார்க்கவே இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 111ஆம் விதி, பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் வண்டியின் முன்னால் ஸ்பாட் லைட்டோ சர்ச் லைட்டோ வைக்கக் கூடாது என்கிறது. லைட் மாட்ட வசதியாக இருக்கும் என்று பம்பருக்கு முன்னால் புல் பார் என்னும் இரும்புக் கம்பி போடவும் வழியில்லை. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதைத் தடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. நடந்து போகிறவர் மீது மோதினால் அந்தக் கம்பி செய்யும் சேதத்தை நினைத்தால் அது சரியான முடிவுதான். ஆகவே மெயின் ரோட்டில் எனக்கு ஹெட்லைட்டும் ஃபாக் லைட்டும் மட்டுமே. டிரைவிங் லைட்டுகளின் மேல் கறுப்பு உறை போட்டிருக்கிறேன். எஸ்டேட் கேட்டுக்குள் நுழைந்த பிறகுதான் கழற்றுவேன். பாதி வழி ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. அங்கே காட்டுக்குள் வெளிச்சம் பாய்ச்சினால் வனத்துறை நிறுத்தும், நிறுத்தவும் வேண்டும்.

எஸ்டேட் பாதையில் இன்னொன்று. வால்பாறையில் யானை பக்கத்தில் இருந்தால் எச்சரிக்க, முக்கியமான இடங்களில் மொபைல் போனால் இயக்கும் சிவப்பு விளக்குகள் வைத்திருக்கிறார்கள். எங்கள் லைன் வீடுகளுக்கு முன்னால் உள்ள மேட்டிலிருந்து பார்த்தால் அப்படி ஒன்று தெரியும். அந்த மேட்டில் நான் வண்டியை நிறுத்தி, எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு, ஒரு நிமிடம் இருப்பேன். கண் இருட்டுக்குப் பழகும். சிவப்பு எரிந்தால் அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் செய்வேன். “எறங்கி வந்துராத சாமி, அது இன்னும் முக்குலதான் நிக்குது” என்பார். அரை மணியோ ஒரு மணியோ, அது போகட்டும் என்று காத்திருப்பேன். எரியவில்லை என்றால், உறையைக் கழற்றிய டிரைவிங் லைட்டைப் போட்டுக்கொண்டு மெதுவாக இறங்குவேன்.

மற்றபடி டாஷ்போர்டு டிராயரில் இரண்டு 15 ஆம்பியர் ஃப்யூஸ், ஒரு ரிலே, ஒரு எச்-4 பல்ப், 13ஆம் நம்பர் ஸ்பேனர் வைத்திருக்கிறேன். மழைக்காலம் தொடங்கும் முன் ஒருமுறை எர்த் போல்ட்டைக் கழற்றித் துடைத்து மாட்டுவேன். போன வருடம் மாட்டும்போது பல்பில் மறுபடி அளந்து பார்த்தேன். 13.3 வோல்ட் இருந்தது.